வீட்டு நாயிடம் துர்நாற்றமா?

மும்பையில் ஜூன் மாதம் மழை தொடங்கிவிட்டால், சிறிய வீட்டில் நாய் வளர்ப்போரின் பாடு செப்டம்பர் வரை திண்டாட்டந்தான். ஜன்னலைத் திறக்க இயலாது, துணி உலராது. நனைந்து வந்த நாயோ வீட்டின் நடுவில் நின்று உடலை உதறும். விருந்தினர் மூக்கைச் சுளிக்க, நாம் அதன்மேல் பவுடரைத் தூவுகிறோம். நாற்றம் அப்போதும் அடங்காவிடில், "இதை எங்கேயாவது விட்டுவிட்டு வாருங்கள்" என்ற பேச்சு எழுகிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பலர் அறியார்.

நனைந்த நாயின் வாடை நோயன்று. அதன் தோலிலும் முடியிலும் வாழும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் பொருள்கள், ஈரம் ஆவியாகும்போது காற்றில் கலக்கின்றன. டவலால் துவட்டி, மின்விசிறியின் கீழ் முடியின் அடிவரை உலர்த்தினால் போதும். தினந்தோறும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவது வீண். நமது சோப்பு நாயின் தோலுக்கு ஏற்றதன்று. தோல் வறண்டு அரிப்பெடுக்கும். சொறிந்த இடத்தில் கிருமி பெருகி, முன்னிலும் அதிகமாய் நாறும்.

நன்கு உலர்ந்த பின்னும் நாற்றம் நீடிக்கிறதா? அது எப்பகுதியிலிருந்து வருகிறதென்று முகர்ந்து பாருங்கள். அருவருப்பாய்த் தோன்றலாம், ஆயினும் நோயை அறிவதில் பாதி வேலை அதுவே.

லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் போன்ற தொங்குசெவி நாய்களில் முதலில் காதைப் பாருங்கள். புளித்த வாடையும் பழுப்பு நிற அழுக்கும் இருந்து, நாய் அடிக்கடி தலையை உதறினால் அது காது அழற்சி. பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள். அழுக்கு இன்னும் உள்ளே போகும். வாய் நாறினால் பெரும்பாலும் பற்காரையும் ஈறு நோயுமே காரணம். ஆனால் நமது பற்பசையைக் கொண்டு தேய்க்க வேண்டாம். சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் இனிப்பு நாய்க்குக் கொடிய நஞ்சு. வயதான நாயின் வாயில் சிறுநீர் வாடை வீசி, அது அதிகமாய்த் தண்ணீரும் குடித்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும்.

மீன் வாடையா? ஆசனவாயின் இருபுறமும் உள்ள சிறு பைகள் அடைபட்டிருக்கலாம். அப்போது நாய் பின்புறத்தைத் தரையில் தேய்க்கும். நம்மவர்கள் இதைப் பூச்சித் தொல்லை என்றே முடிவுகட்டி, பூச்சி மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு நாற்றங்களுக்கு மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஒன்று, அழுகல் நாற்றம். நாம் பொமரேனியன் என்றழைக்கும் ஸ்பிட்ஸ் போன்ற அடர்ந்த முடியுள்ள நாய்களில், மழைக்காலத்தில் சிறு காயத்தில் ஈ மொய்த்து முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். முடி மறைப்பதால் காயம் கண்ணுக்குத் தெரியுமுன் நாற்றமே தெரியும். மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றி அந்த ஜீவனை வதைக்காமல், உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். மற்றொன்று, கருத்தடை செய்யாத பெண் நாயிடம் தோன்றுவது. பருவம் முடிந்து சில வாரங்களில் அது சோர்ந்து, உணவை மறுத்து, அதிகமாய்த் தண்ணீர் குடித்து, பின்புறத்திலிருந்து நாறும் கசிவும் இருந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும். சிலவேளை கசிவே வெளிவராது. அது இன்னும் ஆபத்து. பெரும்பாலும் அறுவை சிகிச்சையே உயிரைக் காக்கும்.

வீட்டைப் பொறுத்தவரை, நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்தாலே பாதி வாடை போய்விடும். தரையைப் பினாயிலால் துடைத்தால் அது நன்கு காயும்வரை நாயை நடக்க விடாதீர்கள். பாதத்தில் ஒட்டியதை அது நக்கிவிடும்.

மும்பைவாசிகளுக்குப் பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை உண்டு. பிற நகரங்களிலுள்ளோர் அருகிலுள்ள கால்நடை மருத்துவரை நாடலாம். எங்கே சென்றாலும், புறப்படுமுன் நாயைக் குளிப்பாட்டவோ காதைத் துடைக்கவோ வேண்டாம். மருத்துவர் அந்த அழுக்கிலிருந்தே சிறிது எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும்.