பணம் கொடுத்தோம், பொருள் நமதாயிற்றா?

பழைய கைப்பேசி ஒன்றுக்காக யூபிஐ வழியே செலுத்திய 14,000 ரூபாயைத் திரும்பப் பெற்றுத் தருமாறு வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். இணையச் சந்தையில் விளம்பரம் கண்டு வாங்கியது அது. மூன்று வாரங்களில் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. திருட்டுப் பொருள் என்று கூறிக் கைப்பேசியைக் கைப்பற்றினர். "பணம் கொடுத்துத்தானே வாங்கினேன்?" என்று அவர் கேட்டது நியாயமே. ஆயினும் சட்டத்தின் விடை வேறு.

விற்பவருக்குள்ள உரிமையைவிட மேலான உரிமை வாங்குபவருக்குப் பொதுவாகக் கிடையாது என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. திருடியவருக்கு உரிமையே இல்லை. அவரிடம் நல்லெண்ணத்துடன் வாங்கியவருக்கும் இல்லை. பொருள் இரண்டு, மூன்று கைகள் மாறியிருந்தாலும் இதுவே நிலை.

அப்படியானால் வாங்கியவர் குற்றவாளியா? அல்லர். திருட்டுப் பொருள் என அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் பெறுவதையும் வைத்திருப்பதையுமே பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு தண்டிக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 'நம்பக் காரணம்' என்ற சொற்களை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். 40,000 ரூபாய் பெறுமானமுள்ள கைப்பேசி, ரசீதும் பெட்டியும் இன்றி, பேருந்து நிலைய வாசலில் 14,000 ரூபாய்க்குக் கைமாறினால், பின்னர் 'தெரியாது' என்று விளக்குவது எளிதன்று. பொருளின் உண்மை நிலையை அறிந்த பின் அதை வேறொருவருக்கு விற்று நட்டத்தை ஈடுகட்ட முயல்வதோ, ஐயமின்றிக் குற்றமாகும்.

வாடிக்கையாளர் தாமே ஒப்புதல் அளித்து அனுப்பிய தொகையை வங்கி தன்னிச்சையாகத் திருப்பி எடுக்க இயலாது. விற்றவரிடமிருந்து விலையைத் திரும்பக் கோரும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் விற்றவர் யார் என்று தெரிய வேண்டுமே! கணக்கு வழியே செலுத்தியிருந்ததால், பரிவர்த்தனை எண்ணும் நாளும் நேரமும் அடங்கிய கணக்கு அறிக்கையை நாங்கள் வழங்கினோம். பணம் சென்ற கணக்கைக் காவல்துறை கண்டறிய அது போதும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எங்களிடம் தருவதற்கு ஒன்றுமே இருந்திராது. ரொக்கம் மட்டுமே வேண்டும் என்று விற்பவர் வற்புறுத்தினால் விலகிவிடுவதே நல்லது.

பணம் செலுத்துமுன் கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தோன்றும். அது ரசீதிலுள்ள எண்ணுடன் ஒத்திருக்க வேண்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவ்வெண்ணை இட்டால், கைப்பேசி முடக்கப்பட்டதா என அறியலாம். உரிமையாளர் இன்னும் புகார் அளிக்கவில்லையெனில் அதிலும் தெரியாது. எனவே ரசீதைக் கேட்பதை விட்டுவிடக் கூடாது. இருசக்கர வாகனமாயின் அடிச்சட்ட எண்ணைப் பதிவுச் சான்றுடன் ஒப்பிடுவதோடு, கடன் பாக்கி உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

விளம்பரத்தின் படத்தையும் விற்பவருடன் நடந்த உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். காவல்துறையினர் பொருளைப் பெற்றுக்கொண்டால் அதற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.