விளையாடப்படாத பொம்மைகள்: பழைய வீரப்பொம்மைச் சேகரிப்பும் குழந்தைப்பருவ ஏக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

1960கள் முதல் 1980கள் வரை அமெரிக்காவில் உருவாகிப் பிற நாடுகளுக்கும் பரவிய ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்னும் பொம்மை வகை இன்று உயர்ந்த விலைக்குரிய சேகரிப்புப் பொருளாகியுள்ளது. இச்சேகரிப்புக்குக் காரணம் குழந்தைப்பருவ ஏக்கமே என்பது பொதுக்கருத்து. ஆயினும் சந்தையில் மிக உயர்ந்த விலை பெறுவது எந்தக் குழந்தையும் தொட்டிராத பொம்மையாகும். இம்முரணைக் கென்னர், ஹாஸ்ப்ரோ ஆகிய நிறுவனங்களின் பொம்மைகளையும், இந்தியாவில் ஃபன்ஸ்கூல் உற்பத்தி செய்த ஜி.ஐ. ஜோ பொம்மைகளையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: வீரப்பொம்மை, சேகரிப்பு, ஏக்கம், நினைவுப்பொருள், தேய்மானம், ஜி.ஐ. ஜோ.

முன்னுரை

1977ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பருவத்தில் அமெரிக்கக் கடைகளில் பொம்மை இல்லாத ஒரு பொம்மைப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு மே 25 அன்று வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் பொம்மைகளை உருவாக்கும் உரிமம் ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் இயங்கிய கென்னர் நிறுவனத்திடம் இருந்தது. படம் இத்துணைப் பெருவெற்றி பெறும் என்பதை எவரும் எதிர்பார்க்கவில்லை. பண்டிகைக்குள் பொம்மைகளை வார்த்து முடிக்க இயலாது என்பது தெரிந்ததும், கென்னர் ஓர் அட்டை உறையை விற்றது. அதனுள் பொம்மைகளை நிறுத்தி வைப்பதற்கான அட்டை மேடையும், சில ஒட்டுப்படங்களும், அஞ்சலில் அனுப்ப வேண்டிய ஒரு சான்றுச்சீட்டும் இருந்தன. சீட்டை அனுப்பிய குழந்தைகளுக்கு அடுத்த ஆண்டில் லூக், லேயா, செவ்பாக்கா, ஆர்2-டி2 ஆகிய நான்கு பொம்மைகள் அஞ்சலில் வந்து சேர்ந்தன. 1978ஆம் ஆண்டில் மட்டும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட பொம்மைகள் விற்றன என்பர்.

இன்று அந்த வெற்று உறையே அரிய சேகரிப்புப் பொருளாகும். அதிலும் சீட்டு கிழித்து அனுப்பப்படாத உறைக்கே மதிப்பு மிகுதி. சீட்டை அனுப்பாத குழந்தைக்குப் பொம்மை கிடைத்திராது. ஆகவே இன்று விலைபோகும் உறை ஒவ்வொன்றும் விளையாட்டு நிகழாமற்போனதற்கான சான்று என்றே கொள்ள வேண்டியுள்ளது. இக்கட்டுரையின் வினா இவ்விடத்தில் தொடங்குகிறது: குழந்தைப்பருவத்தை நினைந்து சேகரிப்பவர்கள், குழந்தைப்பருவம் தீண்டாத பொருளை ஏன் நாடுகின்றனர்?

பெயரும் வகையும்

1964ஆம் ஆண்டு ஹாஸ்ப்ரோ நிறுவனம் 12 அங்குல உயரமும் அசையும் மூட்டுகளும் கொண்ட ஜி.ஐ. ஜோ என்னும் படைவீரப் பொம்மையை வெளியிட்டது. உடைமாற்றி விளையாடும் இப்பொம்மை அமைப்பளவில் பெண்குழந்தைகளின் பார்பியிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. எனினும் ஆண்பிள்ளைக்குப் ‘பொம்மை’ வாங்கித்தரப் பெற்றோர் தயங்குவர் என்று கருதிய நிறுவனம், அச்சொல்லைத் தவிர்த்து ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்னும் புதுப்பெயரை வழங்கியது. ஒரு பொருள்வகையே ஒரு சொல்லுக்கு அஞ்சிப் பிறந்தது எனலாம். தமிழில் ‘பொம்மை’ என்னும் சொல்லுக்கு இத்தகைய பால்வேறுபாடு இல்லை. விளையாட்டுகளில்தான் அவ்வேறுபாடு உண்டு. பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களில் ஆண்பாலுக்குச் சிறுதேரும் பெண்பாலுக்கு அம்மானையும் அமைந்திருப்பது தமிழ் மாணவர் அறிந்ததே. எனவே இக்கட்டுரை இப்பொருளைத் தயக்கமின்றி ‘வீரப்பொம்மை’ என்றே சுட்டுகிறது.

கென்னர் செய்த முதன்மையான மாற்றம் அளவைப் பற்றியது. 12 அங்குலத்தை மூன்றே முக்கால் அங்குலமாக அது சுருக்கியது. பொம்மை சிறுத்ததால் விலை குறைந்தது. அப்பொம்மை ஏறி அமரத்தக்க விண்கலங்களையும் விற்க முடிந்தது. ஒன்றை மட்டுமன்றி முழு வரிசையையும் வாங்கும் ஆவல் பிறந்தது. அட்டையின் பின்புறம் பிற பொம்மைகளின் படங்களை அச்சிட்டதும் இந்நோக்கத்திற்காகவே. தொடக்க அட்டைகளில் 12 பொம்மைகளின் படங்கள் இருந்தன. பின்னர் எண்ணிக்கை பெருகியது. இன்றைய சேகரிப்பாளர் ஓர் அட்டையின் காலத்தைக் கணிப்பது அப்படங்களை எண்ணியே. ஹாஸ்ப்ரோவும் 1982இல் ஜி.ஐ. ஜோவை இதே சிற்றளவில் மறுபடி வெளியிட்டது. அட்டையின் பின்புறத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் பெயர், பிறந்த ஊர், குணநலன் ஆகியவை அடங்கிய வாழ்க்கைக்குறிப்பு இடம்பெற்றது. அவற்றுள் பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹாமா. மார்வெல் வெளியிட்ட ஜி.ஐ. ஜோ படக்கதைகளை எழுதியவரும் அவரே.

தேய்மானமும் விலையும்

சேகரிப்புச் சந்தையின் தரவரிசை எளிமையானது. அட்டையிலிருந்து பிரிக்கப்படாத பொம்மை முதலிடம் பெறும். பிரிக்கப்பட்டும் துப்பாக்கி, மேலாடை முதலிய உறுப்புகள் குறையாதது அடுத்த இடம். உறுப்பிழந்து வண்ணம் உதிர்ந்தது கடையிடம். அமெரிக்காவில் இதற்கெனத் தரமதிப்பீட்டு நிறுவனங்களும் உள்ளன. அவை பொம்மையைச் சோதித்து நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் வழங்கி, அக்ரிலிக் பேழையில் இட்டு மூடிவிடுகின்றன. அதன்பின் அப்பொம்மையை உரிமையாளரும் தொட இயலாது. தொட்டால் மதிப்பெண் போய்விடும்.

அருமை எவ்வாறு உருவாகிறது என்பதற்கு இரு சான்றுகள் போதும். ‘ஜாவா’ என்னும் உருவம் மற்றவற்றினும் மிகச் சிறியது, விலையோ ஒன்றே. முதலில் அதற்கு வினைல் மேலாடை அணிவிக்கப்பட்டது. இத்துணைச் சிறிய பொம்மைக்கு அது மலிவாகத் தோன்றுகிறது என்று கருதித் துணி மேலாடைக்கு மாற்றினர். அதனால் குறைந்த எண்ணிக்கையில் வெளிவந்த வினைல் மேலாடை ஜாவா, இன்று மிக அதிகமாகப் போலி செய்யப்படும் பொம்மைகளுள் ஒன்று. வேறொரு பொம்மையின் வினைல் மேலாடையை வெட்டிச் சுருக்கி ஜாவாவுக்கு அணிவித்து விற்போர் உண்டு. பாட வேறுபாடு ஆராய்வோர் ஓலைச்சுவடியை நோக்குவதுபோல், இவர்கள் ஒரு சிறு வினைல் துண்டின் விளிம்பையும் கைத்துளையையும் நோக்குகின்றனர்.

இரண்டாவது, ‘போபா ஃபெட்’. முதுகிலிருந்து ஏவுகணையைப் பாய்ச்சும் வகையில் இப்பொம்மை வடிவமைக்கப்பட்டு, அஞ்சல்வழிப் பரிசாக விளம்பரமும் செய்யப்பட்டது. அக்காலத்தில் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்தது. கென்னர் பின்வாங்கி, ஏவுகணையை அசையாதபடி பொருத்தி 1979இல் பொம்மையை அனுப்பியது. ஏவும் அமைப்புடைய முன்மாதிரிகள் சில மட்டும் எஞ்சின. அவற்றுள் ஒன்று 2024இல் அமெரிக்க ஏலத்தில் 5,25,000 டாலருக்கு விற்றது. எந்தக் குழந்தையின் கையையும் அடையக்கூடாது என்று தடுக்கப்பட்ட பொருளே, பொம்மைகளுள் உச்ச விலையை எட்டியிருக்கிறது.

பேழைக்குள் வைத்தாலும் பிளாஸ்டிக் முதுமையடைகிறது. வெண்ணிறப் படைவீரர்கள் மஞ்சளாகின்றனர். வினைலை நெகிழ்விக்கச் சேர்த்த வேதிப்பொருள் மேற்பரப்பில் கசிந்து பிசுபிசுக்கிறது. சிற்றளவு ஜி.ஐ. ஜோவின் உடலுக்குள் மார்பையும் கால்களையும் இழுத்துப் பிடித்திருப்பது ஒரு சிறு ரப்பர் வளையமே. அது காலப்போக்கில் இறுகி அறுந்துவிட, பொம்மை இரண்டாகப் பிரிகிறது. அட்டையில் மூடியிருக்கும் பொம்மைக்கும் இதே நிலைதான். அதைத் திறந்து பார்க்க எவரும் துணியாததால் தெரிவதில்லை.

இருவகை ஏக்கம்

ஏக்கத்தைக் குறிக்கும் ‘நாஸ்டால்ஜியா’ என்னும் சொல்லை 1688இல் உருவாக்கியவர் யோஹனஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர். பேசல் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில், தாய்நாட்டைப் பிரிந்தோருக்கு வரும் நோயின் பெயராக அதனை அவர் கையாண்டார். இடத்தைப் பற்றிய அந்நோய் பிற்காலத்தில் காலத்தைப் பற்றியதாகப் பொருள் மாறியது. இடத்திற்குத் திரும்பலாம், காலத்திற்குத் திரும்ப வழியில்லை. ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட நூலில் ஏக்கத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று இழந்ததை அப்படியே மீட்டுக் கட்ட முனைவது. மற்றொன்று இழப்பை இழப்பாக ஏற்று அதனோடு தங்கி எண்ணிப் பார்ப்பது.

இதனினும் நம் வினாவுக்கு நெருக்கமானது சூசன் ஸ்டூவர்ட் 1984இல் முன்வைத்த கருத்து. அவர் நினைவுப்பொருளையும் சேகரிப்பையும் வெவ்வேறாகக் காண்கிறார். நினைவுப்பொருள் உரியவரின் கடந்தகாலத்தைச் சுட்டும்; அந்தக் கதை இல்லையேல் அதற்கு மதிப்பில்லை. சேகரிப்போ பொருளின் கதையை நீக்கிவிட்டு, வகைப்பாட்டை அவ்விடத்தில் வைக்கிறது. இவ்வேறுபாட்டைப் பொம்மைக்குப் பொருத்தினால் முன்னர்க் கண்ட முரண் தெளிவாகிறது. பல் பதிந்த, வண்ணம் தேய்ந்த பொம்மை நினைவுப்பொருள். அட்டை பிரியாத பொம்மை வரிசையில் ஓர் உறுப்பு. சேகரிப்பாளர் முதலாவதற்காக ஏங்கி இரண்டாவதை வாங்குகிறார். இதனை அவரது அறியாமை என்று ஒதுக்குவது இவ்வாய்வாளருக்கு உடன்பாடன்று. தேய்ந்த பொம்மை சந்தையில் கிடைத்தாலும் அது பிறரது தேய்மானம். தன் கைபட்டுத் தேய்ந்ததை எந்த ஏலத்திலும் வாங்க இயலாது. வாங்கக் கூடியது, இனியும் தேயக்கூடிய புதுமை மட்டுமே. அதனை வாங்கியபின் தேயவிடத் துணியாமையே இவ்வழக்கத்தின் சிக்கல்.

இந்திய ஜி.ஐ. ஜோ

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். நிறுவனம் ஹாஸ்ப்ரோவுடன் இணைந்து 1987இல் ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. உற்பத்தி கோவாவில் நடைபெற்றது. ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் பயன்படுத்தி முடித்த எஃகு வார்ப்பச்சுகள் உரிமம் பெற்ற பிறநாட்டு நிறுவனங்களுக்குச் செல்வது வழக்கம். பிரேசிலின் எஸ்ட்ரேலா அத்தகையது. இந்தியாவிலும் அவ்வச்சுகளிலிருந்து வீரர்கள் வார்க்கப்பட்டனர். அச்சு ஒன்றாயினும் பிளாஸ்டிக்கின் நிறமும் மேற்பூச்சும் வேறு. ஒரே வீரன் ஒரு தொகுதியில் ஒரு பச்சையிலும் மறு தொகுதியில் வேறொரு பச்சையிலும் வந்தான். பொம்மையை வாங்கித்தந்த பெற்றோர் இதனைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் கவனித்தனர். இணைய வணிகம் பெருகிய 2000களின் தொடக்கத்தில் பிரிக்கப்படாத இந்திய அட்டைகளை அவர்கள் மலிவாக வாங்கிச் சென்றனர். இன்று அவையும் அரியனவாகிவிட்டன. நிற வேறுபாடுகளை அவர்கள் தொகுத்துள்ள துல்லியம் பாராட்டத்தக்கது.

ஆனால் அத்தொகுப்புகளில் இல்லாத ஒன்று உண்டு. அவை நிறத்தைப் பதிவு செய்கின்றன. விளையாட்டைப் பதிவு செய்வதில்லை. வாழ்க்கைக்குறிப்பை ஆங்கிலத்தில் வாசிக்கவோ, மார்வெல் படக்கதையை வாங்கவோ வாய்ப்பற்ற பிள்ளைகள் இவ்வீரர்களை என்னவாகக் கொண்டனர்? இதற்கு எழுத்துச் சான்று இல்லை. இவ்வாய்வாளரிடம் இருப்பது ஒரே ஒரு பொம்மை. பெரியம்மா மகனான அண்ணனிடமிருந்து வழிவழியாக வந்தது அது. 1993இல் வெளியான ‘வால்டர் வெற்றிவேல்’ படத்தைப் பார்த்துவிட்டு அவர் அதற்கு ‘வால்டர்’ என்று பெயரிட்டிருந்தார். அமெரிக்கப் படைவீரன் எங்கள் வீட்டில் தமிழ்நாட்டுக் காவல்துறை அதிகாரி. கொலுவின்போது கீழ்ப்படியில், செட்டியார் பொம்மையின் மளிகைக்கடைக்குக் காவலாக அவன் நிற்பான். எதிரிகளாகச் சதுரங்கக் காய்கள் வருவதுண்டு. வலக்கைப் பெருவிரல் இல்லை. பொருந்தாத ஒரு துப்பாக்கியைத் திணிக்கப்போய் முறித்தது யார் என்பதில் அண்ணனுக்கும் இவ்வாய்வாளருக்கும் இன்றளவும் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

சந்தை அளவுகோலில் வால்டர் கடையிடத்தவன். அதே வீரனின் பிரிக்கப்படாத அட்டை ஒன்று அண்மையில் விற்பனைக்கு வந்தபோது, கேட்கப்பட்ட விலை இவ்வாய்வாளரின் மாத உதவித்தொகையில் பாதியைத் தாண்டியது. அதனை வாங்கியிருந்தால் முறியாத பெருவிரலும் உண்மையான பெயரும் கிடைத்திருக்கும். ஆனால் அந்த வீரனுக்கு வால்டர் என்பது யாரெனத் தெரியாது.

ஆவணமாக்கல் குறித்து

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரிலுள்ள தேசியப் பொம்மைப் புகழரங்கில் ஜி.ஐ. ஜோ 2004இலும் ஸ்டார் வார்ஸ் வீரப்பொம்மைகள் 2012இலும் இடம்பெற்றன. இந்திய உற்பத்தியையும் எவரேனும் ஒருநாள் ஆவணப்படுத்தக்கூடும். அப்போது அச்சு, நிறம், அட்டை ஆகியவற்றோடு, வைத்திருந்தவர் இட்ட பெயர், விளையாடிய இடம், உடைந்த உறுப்பு, அது உடைந்த விதம் ஆகியவையும் கேட்டுக் குறிக்கப்பட வேண்டும். 1980களின் இறுதியிலும் 1990களிலும் இவற்றோடு விளையாடியவர்கள் இன்று நாற்பதை ஒட்டிய வயதினர். பொம்மைகளுள் பெரும்பாலானவை பழைய இரும்புக்கடைக்குச் சென்றுவிட்டன. கேட்டுப் பதியும் வாய்ப்பு இன்னும் உள்ளது.

செப்பனிடுவது பற்றிய வினாவும் இதனுள் அடங்கும். மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடும் புறஊதா ஒளியும் கொண்டு வெளுக்க வைப்பதைச் சேகரிப்பாளர் சிலர் ஏமாற்று என்கின்றனர்; சிலர் பராமரிப்பு என்கின்றனர். ரப்பர் வளையத்தை மாற்றுவதை மட்டும் பெரும்பாலோர் குறைகூறுவதில்லை, வளையம் வெளியே தெரியாது என்பதால் போலும். வால்டரின் வளையம் சென்ற ஆண்டு அறுந்தது. புதிய வளையத்தைப் பொருத்துவதற்காக முதுகிலுள்ள திருகாணியைக் கழற்றியபோது, மார்புக்கூட்டினுள் கொஞ்சம் மணல் இருந்தது. பெரியம்மா வீட்டுப் பின்கட்டில் 1990களில் கிணறு தூர்வாரிக் கொட்டிய மணலாக இருக்கலாம் என்று அண்ணன் கூறினார். மணலைத் தனியே ஒரு தாளில் மடித்து வைத்தபின்பே வளையம் மாற்றப்பட்டது.