அலையில் வளைந்தோடும் பலகை

மட்டக்களப்பில் வாழ்வோருக்கு நீரென்பது ஒன்றன்று, இரண்டு. கல்லடிப் பாலத்தின் மேல் நிற்பவன் கீழே காண்பது வாவி. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தினுள்ளே நீண்டு கிடக்கும் அந்த நீர், தோணிக்காரன் துடுப்பை எடுத்துவிட்டால் அவனை நின்ற இடத்திலேயே நிற்க விடும் அடக்கமுடையது. பாலத்தைக் கடந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால், கேட்பது கடலின் இரைச்சல். அங்கே நீர் எவரையும் சும்மா நிற்க விடுவதில்லை.

இவ்விரண்டையும் அறிந்த கரைவலைத் தொழிலாளிக்குத் தோணியைக் கடலில் இறக்கும் நாள் முதலாகக் கற்பிக்கப்படும் பாடம் ஒன்றுண்டு. உடைகின்ற அலைக்கு அணியத்தைக் காட்ட வேண்டும்; விலாவைக் காட்டலாகாது. விலாவைக் காட்டிய தோணியை அலை ஒரு பக்கமாகத் தூக்கி மறுபக்கமாகக் கவிழ்த்துவிடும். வலையும் போகும், சில வேளைகளில் ஆளும் போவான்.

அங்ஙனமாயின், அலைச்சறுக்கு வீரன் செய்வது என்ன? ஒரு சாண் தடிப்புங்கூட இல்லாத பலகையொன்றின் மேல் அவன் எழுந்து நிற்கிறான். எழுந்தவுடன் பலகையைத் திருப்பி, அதன் விலாவையே அலைக்குக் கொடுத்து, அலையின் முகத்தில் குறுக்காக ஓடுகிறான். தோணி கவிழும் இடத்தில் அவன் கவிழாதிருப்பது எவ்வாறு? அந்த வித்தையின் பெரும்பகுதி இந்த ஒரு வினாவுக்குள் அடங்கியிருக்கின்றது.

இந்த வினாவுக்கு விடை காண மட்டக்களப்பிலிருந்து தெற்கே, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோயில் ஆகிய ஊர்களைக் கடந்து, நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கடலோரமாகச் செல்ல வேண்டும். பொத்துவிலுக்கு அப்பால் அறுகம் குடா என்னும் வளைந்த கரை உள்ளது. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இப்பகுதியும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. குடாவின் தென்கோடியிலே உல்லைக் கிராமத்தை அடுத்து ஒரு முனை கடலுக்குள் நீண்டிருக்கின்றது. 1970களில் அந்நிய நாட்டு இளைஞர் சிலர் பலகைகளைச் சுமந்துகொண்டு இம்முனையைத் தேடி வந்தனர். இன்று இது உலகெங்குமுள்ள அலைச்சறுக்கு வீரர்கள் அறிந்த பெயர்.

கிழக்குக் கரை நெடுகிலும் கடல் இருக்க, இந்த முனைக்கு மாத்திரம் இத்தனை மதிப்பு ஏன் என்று கேட்கலாம். நேரான கரையில் அலை ஒரே நேரத்தில் ஒரே கோடாக உடைந்து விழுகிறது. சுவரொன்று சரிவதைப் போன்றது அது. அதில் ஓடுவதற்கு வழியில்லை. வடக்கே பாசிக்குடாவிலோ கடல் வெகுதூரம் ஆழமற்றுக் கிடப்பதால் அலை தன் வலிமையை இழந்தே கரை சேர்கிறது. குழந்தைகள் குளிப்பதற்கு அதைவிடச் சிறந்த இடம் வேறில்லை. அறுகம் குடாவின் முனையில் நடப்பது இவையிரண்டுமல்ல. தென்துருவத்தை அடுத்த பெருங்கடலில் எழும் புயல்கள், ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து நீரலைகளை வடக்கே அனுப்புகின்றன. அவை முனையை அடைந்ததும், ஆழங்குறைந்த பக்கம் முந்தித் தடைப்பட, ஆழமான பக்கம் தொடர்ந்து முன்னேற, அலை முழுவதும் முனையைச் சுற்றி வளைகிறது. ஆகவே அது ஓரிடத்தில் உடையத் தொடங்கி, படிப்படியாகக் குடாவினுள் உடைந்துகொண்டே செல்கிறது. பாயைச் சுருட்டுவதைப் போல, உடைந்த பகுதி வெண்ணுரையாகச் சுருள, உடையாத பகுதி வழுவழுப்பான சரிவாக முன்னே காத்திருக்கிறது. அந்தச் சரிவே வீரன் ஓடும் வீதி.

சித்திரை, வைகாசி தொடங்கி ஐப்பசி வரையிலான தென்மேல் பருவக்காற்றுக் காலமே இங்கு உரிய பருவம். காலையில் காற்று அடங்கியிருக்கும். நீரின் முகம் எண்ணெய் பூசியது போல் இருக்கும். வெயில் ஏறக் கடற்காற்று எழுந்து அதைக் கலைத்துவிடும். வாடைக்காலம் வந்ததும் பலகைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு வெலிகம, ஹிக்கடுவ முதலான தென்மேற்குக் கரைகளுக்குப் போய்விடுகின்றனர். குடாவுக்குத் தெற்கே உள்ள ஓர் அலைத்துறைக்கு அந்நியர் ஆங்கிலத்தில் இட்ட பெயரைத் தமிழாக்கினால் ‘கச்சான் தோட்டம்’ என்றாகும். மட்டக்களப்பாருக்குக் கச்சான் என்பது நிலக்கடலையுமாம், ஆனி ஆடியில் உடலை வாட்டும் மேல்காற்றுமாம். பெயரிட்டவர்கள் எண்ணியது கடலையை மட்டுமே.

இனி, திரும்பும் முறை. கரையை நோக்கி வருபவனுக்கு இம்முனையின் அலை வலப்பக்கமாக உடைந்து செல்வது. இடக்காலை முன்வைத்து நிற்பவனுக்கு இதனால் ஒரு வசதியுண்டு. அவனுடைய முகம் அலையைப் பார்த்திருக்கும். வலக்காலை முன்வைப்பவன் அலைக்கு முதுகைக் காட்டியே ஓட வேண்டும். அலையின் உச்சியிலிருந்து சரிந்து இறங்குபவன் நேரே இறங்கிக்கொண்டே போனால் சரிவு முடிந்த இடத்தில் வேகமும் முடிந்துவிடும். பின்னால் வரும் நுரை அவனை விழுங்கிவிடும். ஆதலால் அடிவாரத்தை அடைந்ததும் அவன் திரும்ப வேண்டும். முழங்கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறான். பார்வை, தான் போக விரும்பும் இடத்தை நோக்கி முதலிற் செல்கிறது. பார்வையின் பின்னே தோள், தோளின் பின்னே இடுப்பு. உடல் முழுவதும் அலையின் பக்கம் சாய, கால்விரல்களின் அழுத்தத்தால் பலகையின் அலைப்பக்கத்து ஓரம் நீரினுள் அமிழ்கிறது. அமிழ்ந்த ஓரம் வளைவானது; ஆகவே அது நீரிலும் ஒரு வளைவையே வரைகிறது. பலகை அந்த வளைவின் வழியே மீண்டும் மேலேறுகிறது.

தோணிக்கும் பலகைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். தோணி நிமிர்ந்தே மிதக்கப் படைக்கப்பட்டது. அலை அதன் ஒரு விலாவைத் தூக்கினால் எதிர்த்துச் சாய அதற்கு ஆளில்லை. பலகையோ சாய்வதற்கென்றே படைக்கப்பட்டது. துவிச்சக்கரவண்டியில் விரைந்து வந்து சந்தியில் திரும்புபவன் உட்புறமாகச் சாய்வதை எவரும் பார்த்திருப்பர். வேகத்தோடு திரும்பும் உடலை வெளியே எறியப் பார்க்கும் விசையும், உட்புறச் சாய்வும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. வேகமின்றிச் சாய்ந்தால் வண்டியும் விழும், பலகையும் விழும்.

மேலே ஏறியவன் உச்சியை நெருங்கும்போது அழுத்தத்தை விரல்களிலிருந்து குதிகாலுக்கு மாற்றுகிறான். மறு ஓரம் அமிழ்கிறது. பலகை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வளைகிறது. சில வேளைகளில் அவன் அலையின் உயிருள்ள பகுதியை விட்டு வெகுதூரம் முந்திப் போய்விடுவதுண்டு. அங்கே சரிவு தளர்ந்திருக்கும், வேகம் குறையும். அப்போது நீண்ட வட்டமொன்றை வரைந்து, வந்த வழியே நுரையை நோக்கித் திரும்பி, மறுபடியும் வளைந்து புறப்பட வேண்டும். எட்டு என்னும் இலக்கத்தைப் போன்ற இந்த ஓட்டத்தை ஒழுங்காகச் செய்து முடிப்பவனே கைதேர்ந்தவன்.

இதிலே புதியவர் செய்யும் பிழை ஒன்றே ஒன்று என்று கூறினும் பொருந்தும். திரும்ப வேண்டுமென்ற அவசரத்தில் பின்காலால் ஓங்கி மிதிக்கின்றனர். பலகையின் பின்புறம் வழுக்கிச் சுழல்கிறது. நீர்த்திவலை அழகாகத் தெறிக்கிறது. கரையில் நிற்போர் கைதட்டவும் கூடும். ஆனால் பலகை நின்றுவிடுகிறது. வழுக்குவது வேறு, வளைந்தோடுவது வேறு. ஓரம் நீரை அறுத்துக்கொண்டு போனால் வேகம் மிஞ்சும். அடிப்பாகம் நீரைத் தள்ளிக்கொண்டு போனால் வேகம் செலவாகும்.

இந்த நியாயம் பனிமலைக்கும் பொருந்துவது வியப்பே. 1965ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷேர்மன் பொப்பன் என்பவர், தம் பெண்பிள்ளைகள் விளையாடுவதற்காகப் பனிச்சறுக்குக் கட்டைகள் இரண்டை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். கடலலை வீரரைப் போலப் பனியின்மேல் நின்று சறுக்குவதற்கென்று பிறந்த அப்பொருளே, இன்றைய பனிச்சறுக்குப் பலகைக்கு முன்னோடி. பனிப்பலகை உடுக்கையைப் போல இடை ஒடுங்கியது. ஓரத்தில் உருக்குத் தகடு பதித்தது. அதைச் சாய்த்து அழுத்தினால் அது வில்லாக வளைந்து, பனியிலே மெல்லிய கோடொன்றை விட்டுச் செல்கிறது. கரணமடித்து விளையாடும் இளைஞர் அங்கே விரும்புவது, குட்டையாகவும் நெகிழ்வாகவும் முன்னும் பின்னும் ஒரே வடிவாகவும் உள்ள பலகையை. பின்புறமாக வந்து இறங்கினாலும் அது ஓடும். ஆயினும் வேகமான நெடுவளைவில் அதன் ஓரம் அத்துணை உறுதியாகப் பற்றாது. பாய்ச்சலுக்கு உதவுவது பற்றுதலுக்கு உதவாது என்னும் இந்த வழக்கு, பனியிலும் கடலிலும் ஒன்றேயாம். பனிப்பலகை 1998இல் நாகானோவிலும், அதன் தாயான கடற்பலகை 2021இல் நடைபெற்ற தோக்கியோப் போட்டிகளிலும் ஒலிம்பிக் அரங்கில் முதன்முதல் இடம்பெற்றன. பிள்ளை தாயை முந்திக்கொண்டது.

பலகையின் வரலாறும் சிறிது அறியத் தக்கது. 1914ஆம் ஆண்டின் இறுதியில் ஹவாய்த் தீவின் நீச்சல் வீரர் டியூக் கஹனமோக்கு சிட்னிக்குச் சென்றபோது, பைன் மரத்திலே தாமே ஒரு பலகையைச் செதுக்கி அலையேறிக் காட்டினார். அக்காலத்துப் பலகைக்கு அடியிற் செட்டை இல்லை; காலை நீரில் இழுத்தே திருப்புவர். 1935இல் டொம் பிளேக் என்பவர் பலகையின் அடியில் மீன்செட்டையைப் போன்றதொன்றைப் பொருத்தினார். பின்புறம் வழுக்குவது குறைந்தது. 1950களின் இறுதியில் மரத்தின் இடத்தை நுரைப்பொருளும் கண்ணாடியிழையும் பிடித்துக்கொள்ள, பலகை தோளில் சுமக்கத் தக்கதாயிற்று. அவுஸ்திரேலியரான சைமன் அண்டர்சன் மூன்று செட்டைகள் கொண்ட பலகையுடன் 1981இல் பெல்ஸ் கடற்கரைப் போட்டியில் வென்ற பின்னர், அந்த அமைப்பே பெருவழக்காயிற்று. சாய்ந்து திரும்பும்போது உட்பக்கச் செட்டை நீரைப் பற்றிக்கொள்வதே அதன் சிறப்பு.

எந்தப் பலகை எவருக்கு என்பதைக் கணக்கிட இன்று லீற்றர் அளவு பயன்படுகிறது. ஒரு லீற்றர் நீரை விலக்கும் பொருளை நீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அளவுக்குத் தாங்கும். எழுபது கிலோகிராம் எடையுள்ள தேர்ந்த வீரன் இருபத்தைந்து முதல் இருபத்தெட்டு லீற்றர் வரையுள்ள ஆறடிப் பலகையை எடுத்துச் செல்வான். அப்பலகையின் மீது அவன் சும்மா கிடந்தால் நெஞ்சளவு அமிழ்ந்தே இருப்பான்; அவனைத் தாங்குவது பலகையின் மிதப்பன்று, ஓட்டத்தின் விசை. அந்த ஓட்டத்தைக் கைவீச்சால் உண்டாக்க அறியாத புதியவனுக்கு அதே பலகை ஒரு கல். அவனுக்கு வேண்டியது எட்டு ஒன்பது அடி நீளமும், அறுபது லீற்றருக்குக் குறையாத பருமனும், மெதுவான மேற்பரப்பும் கொண்ட பலகை. அது சீக்கிரம் திரும்பாது; ஆனால் சீக்கிரம் அலையைப் பிடிக்கும். அலையைப் பிடியாதவனுக்குத் திருப்பம் எதற்கு?

மூக்கு மேல்நோக்கி வளைந்த பலகை செங்குத்தான அலையில் குத்திக்கொள்ளாது. தட்டையானது தளர்ந்த அலையில் விரைந்து ஓடும். பின்புறம் அகன்றிருந்தால் சிறிய அலையிலும் உந்துதல் கிடைக்கும். ஒடுங்கியிருந்தால் பெரிய அலையில் ஓரம் ஆழப் பற்றும். இதனை அறிந்தோர் தலையளவு உயர்ந்த அலை எழும் பெருமுனைக்கு ஆறடிப் பலகையோடும், அதே குடாவினுள் சிற்றலை புரளும் ‘குழந்தை முனை’க்கு நெடும்பலகையோடும் செல்வர். கரையிலே வாடகைக்குப் பலகை எடுக்கும் உல்லாசப் பயணியோ, சுவரில் சாத்தியிருப்பவற்றுள் மிகக் குட்டையானதையும் கூர்மையானதையுமே பெரும்பாலும் சுட்டிக்காட்டுகிறான். படத்திற் கண்டது அதுவாம்.

உல்லை இளைஞரின் ஆரம்ப காலத்தில் இந்தத் தெரிவுக்கே இடமிருக்கவில்லை. பலகை இறக்குமதிப் பொருள், விலை எட்டாதது. வெளிநாட்டார் விட்டுச்சென்ற, உடைந்து ஒட்டப்பட்ட பலகைகளிலேயே பலர் கற்றனர். தமக்குப் பொருந்தாத பலகையை அலையோடு பொருத்தி ஓட்டக் கற்றமையே அவர்களுடைய கல்வி. போர்க்காலம் 2009இல்தான் முடிந்தது. அதற்கிடையில் 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்குடாவை அழித்துச் சென்றது. உயிர்களும் வீடுகளும் படகுகளும் போன அதே கடலினுள், அதே மக்கள் மீண்டும் இறங்கினர். இன்று அங்கே சறுக்கு பயிற்றுவித்தலும் பலகை திருத்தலும் பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில்கள்.

பெருமுனையின் அடியிலே பாறையும் முருகைக்கல்லும் உள்ளன. வற்று நேரத்தில் நீர் மிகக் குறைவு. விழுபவன் தலைகீழாகப் பாயாமல், உடலைப் பரப்பித் தட்டையாக விழ வேண்டும். எழும்போது கைகளால் தலையை மறைக்க வேண்டும். தன் பலகையின் செட்டையே தன்னை வெட்டக்கூடும். பலகையைக் கணுக்காலோடு பிணைக்கும் கயிறு 1970களில் வழக்கத்துக்கு வந்தது. அது பலகையைக் காப்பதற்கு மட்டுமன்று, கட்டற்று வரும் பலகை அயலானின் மண்டையைப் பிளக்காதிருப்பதற்குமாகும். உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவனுக்கே அலை உரியது. அவன் எழுந்துவிட்டால் மற்றையோர் விலக வேண்டும். எழுதப்படாத இச்சட்டத்தை மீறுவோராலும் காயங்கள் விளைவதுண்டு.

இவ்வித்தை நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்டது. 2018ஆம் ஆண்டில் அறுகம் குடாப் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது. இலங்கையில் பெண்களுக்கென எழுந்த முதற் கழகம் அதுவே. வீட்டார் தடுத்ததும், வெயிலில் நிறம் கறுக்கும் என்று அயலார் கூறியதும், நீந்தத் தெரியாததும் அவர்கள் முன் நின்ற தடைகள். முதற்பாடம் குழந்தை முனையில். ஒன்பதடிப் பலகையை இருவர் சுமந்து வந்து, மணலில் வைத்து, படுப்பதையும் எழுவதையும் பல முறை பழகுகின்றனர். பிறகு இடுப்பளவு நீரில் ஒருத்தி பலகையைப் பிடித்துக்கொள்ள, மற்றவள் அதன்மேல் படுத்து, தோளுக்கு மேலாகத் திரும்பி, முனையைச் சுற்றி வளைந்து வரும் அலையைப் பார்த்திருக்கிறாள்.