காஞ்சியில் திருவிழா... கழனி வீட்டில் அறை!

வைகாசி நெருங்கினால் இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. ஒன்று, வெளியூர் விவசாயக் குடும்பங்களுடையது: 'வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குப் பிள்ளைகுட்டிகளோடு வர ஆசை. காஞ்சிபுரத்தில் லாட்ஜ் வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. பக்கத்துக் கிராமத்தில் தங்க முடியுமா?' இன்னொன்று, உத்திரமேரூர் வட்டார வாசகர்களுடையது: 'நவரை நெல்லை அறுத்து மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டன. வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாமா?'

முதல் கேள்விக்கான விடை இரண்டாவது கேள்வியிலேயே இருப்பதால், இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

பத்து நாள் நடக்கும் இந்தப் பிரம்மோற்சவத்தில் மூன்றாம் நாள் கருட சேவை, ஏழாம் நாள் தேர். இந்த இரண்டு நாள்தான் கூட்டம் அலைமோதும். பள்ளி விடுமுறையோடு சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம். நட்சத்திரத்தைப் பார்த்து நாள் வைப்பதால் சில ஆண்டு மே இரண்டாம் வாரத்திலேயே கொடியேறிவிடும், சில ஆண்டு ஜூன் வரை இழுக்கும். அதனால் போன வருடத் தேதியை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. கோயில் பத்திரிகை வந்த பிறகு பேசுவதே சரி.

2019-ஐ இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்தி வரதர், அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 16 வரை காட்சி தந்தார். முதல் 31 நாள் சயனக் கோலம், பிறகு நின்ற கோலம். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். ஊருக்கு வெளியே ஓரிக்கை, ஒலிமுகமதுபேட்டை போன்ற இடங்களில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போட வேண்டியிருந்தது. தங்கும் அறைகளின் வாடகை எங்கேயோ போனது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் குடும்பங்கள் தங்கள் வீட்டு அறைகளையும் மாடிகளையும் வாடகைக்கு விட்டன. அதே கோடையில்தான் சென்னை ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. தண்ணீர் இருந்த வீட்டுக்கு அன்று தனி மதிப்பு.

அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, 'நாலு அறை கட்டிப் போட்டால் என்ன?' என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே பதில்தான். அத்தி வரதர் அடுத்து எழுந்தருள்வது 2059-ல். ஆண்டுதோறும் வருவது வைகாசியின் பத்து நாள்தான். அதிலும் உத்திரமேரூர் தூரத்துக்கு ஆள் தேடி வருவது நான்கைந்து இரவு. இதை நம்பிக் கடன் வாங்கிச் செங்கல் அடுக்காதீர்கள். இருக்கிற அறையை இருக்கிறபடி சுத்தம் செய்து கொடுப்பது மட்டுமே நமக்கு லாபம்.

தூரக் கணக்கு

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் முப்பது கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸில் ஒரு மணி நேரம். சாதாரண நாளில் இது தூரமே இல்லை. ஆனால், கருட சேவை விடியற்காலையில் நடப்பது. பெருமாள் கோபுர வாசலுக்கு வரும்போது அங்கே நிற்க வேண்டும் என்றால், உத்திரமேரூரில் தங்கியவர்கள் இரவு இரண்டரை, மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். வயதானவர்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அது சிரமம். அந்த ஒரு நாளுக்கு மட்டும், காஞ்சிபுரம் - உத்திரமேரூர் சாலையில் மாகறல், அதைத் தாண்டி ஓரிக்கைப் பக்கம் என்று பாதி வழிக்கு உள்ளே இடம் தேடுவது நல்லது. இல்லையென்றால் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து முதல் நாளே ஒரு வேன் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தேர் அன்று ஊருக்குள் வண்டி விட மாட்டார்கள். ஊர் எல்லையில் இறங்கி நடக்கத் தயாராக வர வேண்டும்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு என் யோசனை வேறு. கருட சேவையையும் தேரையும் விட்டுவிட்டு மற்ற நாளில் வாருங்கள். வாகன சேவை தினமும் உண்டு, அறையும் கிடைக்கும். பகலில் சும்மா இருக்க வேண்டியதில்லை. உத்திரமேரூரில் மூன்று அடுக்கில் பெருமாள் இருக்கும் சுந்தர வரதராஜர் கோயில் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டியது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர் வேலையைப் பிரித்துச் செய்ய ஆள் தேர்ந்தெடுத்த விதி அதில் இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் இருந்தால்தான் பெயரைக் குடத்தில் போட முடியும். கால் வேலி என்பது இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கர் சுமார். நம் வாசகர்களில் பாதிப் பேர் அன்று நின்றிருக்கலாம்! இன்னொரு விதி, பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய சுவர் அது.

அறைக்கு முன்னால் கழிப்பறை

வீட்டுக்காரர்கள் அறைக்குப் பெயின்ட் அடிப்பதில்தான் முதலில் இறங்குகிறார்கள். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கழிப்பறையை. தூய்மை பாரதத் திட்டத்தில் 12,000 ரூபாய் வாங்கிக் கட்டியது பல வீடுகளில் விறகும் வறட்டியும் அடுக்கும் இடமாக இருக்கிறது. அதைக் காலி செய்து, கதவுக்கு உள்தாழ்ப்பாள், ஒரு பல்பு, ஒரு பக்கெட், மக் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. வயதானவர்கள் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கைப்பிடி இருந்தால் இன்னும் நல்லது.

தண்ணீருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் நான்கு பேர், வந்தவர்கள் நான்கு பேர் என்றால் 440 லிட்டர். 500 லிட்டர் தொட்டி ஒன்று ஒரு நாளைத் தாங்கும். மின்சாரம் நின்ற நாளில் ஏற்றிவைத்த தண்ணீர்தான் மானத்தைக் காப்பாற்றும். குடிக்க மட்டும் காய்ச்சி ஆறவைத்தது, அல்லது கேன் தண்ணீர். வெளியூர்ப் பிள்ளைக்கு வயிற்றால் போனால் திருவிழாவே போச்சு.

நெல் மூட்டை இருந்த அறையில் எலிப் பொந்து இருக்கும், வண்டு இருக்கும், சில சமயம் எலியைத் தேடி வரும் பாம்பும் இருக்கும். பொந்துகளைச் சிமென்ட் வைத்து அடைத்து, நன்றாகக் கூட்டிக் கழுவி, நான்கைந்து நாள் கதவு ஜன்னலைத் திறந்து காயவிடுங்கள். மூட்டைக்கு வண்டு மாத்திரை வைத்திருந்த அறையென்றால் மனிதரைப் படுக்கவைக்கும் முன் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பூச்சியைக் கொல்லும் அந்தப் புகை ஆளையும் கொல்லும். மூட்டையையும் மாத்திரை மிச்சத்தையும் அப்புறப்படுத்தி, பல நாள் காற்றாட விட்ட பிறகுதான் அந்த அறையைத் தரலாம். பக்கத்து அறையில் மாத்திரை வைத்து மூடியிருந்தாலும் இந்த அறையைத் தரக் கூடாது.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது: கிணறு. நம் பிள்ளைகளுக்குக் கிணறு எங்கே இருக்கிறது என்று தெரியும், இருட்டிலும் ஒதுங்கிப் போவார்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஏழு வயதுப் பையனுக்கு அது ஒரு வேடிக்கை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு வீட்டருகே இருந்தால், அதைச் சுற்றி வேலியோ கம்பி வலையோ போடாமல் யாருக்கும் அறை கொடுக்காதீர்கள். பம்புசெட் ரூமுக்குப் பூட்டு. மருந்து டப்பா, தெளிப்பான், களைக்கொல்லி எல்லாம் தனியாகப் பூட்டிய இடத்தில். குளிர்பான பாட்டிலில் மருந்து ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் அன்றே நிறுத்துங்கள். முட்டுகிற மாடு எது, கடிக்கிற நாய் எது என்று வந்தவர்களிடம் வந்ததுமே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர்களும் வெட்கப்படாமல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தங்க வர வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் தங்கவைத்துக் காசு வாங்குவதைச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. மத்திய அரசின் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை தரலாம், வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். சொந்த மனை, சொந்த வீடு என்று சோழர் காலத்து விதி மாதிரியே இருக்கிறது பாருங்கள். என்னென்ன காகிதம் வேண்டும் என்பதைக் காஞ்சிபுரத்திலுள்ள மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, திருவிழாவுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது உங்களுக்கே பாதுகாப்பு.

தங்குகிறவர்களின் பெயர், ஊர், இரண்டு போன் நம்பர், அடையாள அட்டை விவரம் இவற்றை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை அனுப்பியாக வேண்டும். அது முடியாது என்றால் அவர்களை ஏற்காதீர்கள்.

மின்சாரத்தில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். விவசாய பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சாரத்தில் இருந்து அறைக்கு வயர் இழுத்துவிடுகிறார்கள். பிடிபட்டால் அபராதம் மட்டுமல்ல, இணைப்புக்கே ஆபத்து. வீட்டு மீட்டரில் இருந்துதான் எடுக்க வேண்டும். தொடர்ந்து வாடகைக்கு விடுவதாக இருந்தால் எந்தக் கட்டண வகை என்று மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது சரி. ஆனால், அறை வாடகை விவசாய வருமானம் ஆகாது, வீடு கழனிக்கு நடுவே இருந்தாலும் ஆகாது. சில ஆயிரம் ரூபாய்க்காக யாருக்கும் வரி வந்துவிடாது. வேறு வருமானம் உள்ளவர்கள் அதோடு சேர்த்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வேலை யாருக்கு, காசு யாருக்கு?

அறை கொடுக்கலாம் என்று திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்வது ஆண்கள். கூட்டுவது, கழுவுவது, காபி போடுவது, பெட்ஷீட் துவைப்பது எல்லாம் பெண்கள். அதனால் முதலில் வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். சரி என்றால், வாடகைக் காசு அவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துச் சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி இருந்தது. இன்றும் போனில் சுற்றி வளைத்து 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கிற வீடுகள் உண்டு. தங்க வருகிறவர்களிலும் அப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வி இல்லாமல் அறை தர முடியாதவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

வரவு செலவை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். இரவுக்கு 500 ரூபாய் என்று வைத்து, ஐந்து இரவு அறை நிரம்பினால் 2,500 ரூபாய். நான்கு பாய், தலையணை, இரண்டு செட் விரிப்பு, கொசுவலை, சோப்பு, கழிப்பறைக்குப் பல்பு, தாழ்ப்பாள் என்று வாங்கினால் முதல் ஆண்டு கையில் ஒன்றும் நிற்காது. இரண்டாம் ஆண்டிலிருந்துதான் மிச்சம். கூட்டம் வருகிறது என்று இரவுக்கு 2,000 கேட்டால் அந்த ஆண்டு கிடைக்கும், அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் வராது. சொன்ன விலையைக் கடைசி நேரத்தில் ஏற்றாத வீட்டுக்குத்தான் வருடா வருடம் அதே ஆட்கள் போன் செய்கிறார்கள்.

காசு வேறு வழியிலும் வருகிறது. நகரத்திலிருந்து வந்த குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது பத்து கிலோ அரிசி, ஒரு லிட்டர் கடலை எண்ணெய், கொஞ்சம் உளுந்து வாங்கிக்கொண்டு போகும். இடையில் வியாபாரி இல்லாத விலை உங்களுக்கு. போன் நம்பர் கையில் இருந்தால் அடுத்த அறுவடைக்கும் கேட்பார்கள். மகாராஷ்டிரத்தில் 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்கென்றே மாநில அரசு கொள்கை கொண்டுவந்தது. அங்கும் விவசாயிகள் அறையோடு சேர்த்துத் தங்கள் விளைபொருளையும் விற்கிறார்கள். சமைத்துப் போட்டுப் பணம் வாங்குவதாக இருந்தால் மட்டும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தங்க வருகிறவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தை. போட்டோவை மட்டும் பார்த்து முழுப் பணத்தையும் அனுப்பாதீர்கள். வீடியோ காலில் அறையையும் கழிப்பறையையும் காட்டச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். முன்பணமாக ஒரு இரவு வாடகை போதும். எத்தனை பேர், எத்தனை குழந்தை, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். நான்கு பேர் என்று சொல்லிவிட்டு ஒன்பது பேராக இறங்கினால், அந்த வீட்டுத் தொட்டியில் தண்ணீர் காலையிலேயே தீர்ந்துவிடும். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே பேசிவிடுங்கள். கொடியேறிய பிறகு மாகறல் வரைக்கும் அறை இருக்காது.