பேத்தையைச் சீண்டாதீர்கள்

கரைவலையை இழுத்துப் போட்டு, சாளை, காரல், நண்டு என்று கூடைக்குள் பிரித்த பிறகு, மணலில் ஒன்று மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கும். பந்துபோல் உப்பிய வயிறு. பேத்தை மீன்! தொந்தி போட்டவரைப் 'பேத்தை வயிறு' என்று கேலி செய்கிறோமே, அந்தப் பேத்தைதான்.

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் வாழும் வெண்புள்ளிப் பேத்தையை அடையாளம் காண்பது எளிது. பழுப்புச் சாம்பல் முதுகில் வெள்ளைப் புள்ளிகள். அவையே வயிற்றுப் பக்கம் இறங்கும்போது கோடுகளாகிவிடும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையங்கள். செதில் கிடையாது, தடவினால் சொரசொரக்கும். அரை மீட்டர் வரை வளரும். உடம்பெல்லாம் நீண்ட முள் இருந்தால் அது முள்ளம்பேத்தை, வேறு குடும்பம்.

வாயைப் பாருங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கே பற்கள், கிளி மூக்குபோல ஒட்டியிருக்கும். நண்டு ஓட்டையே நொறுக்கும் வாய்க்கு விரல் எம்மாத்திரம்? தூண்டிலில் சிக்கினால் தண்ணீரிலேயே வைத்து, ஈரக் கையுறையோடு பிடித்து, நீண்ட மூக்குக் குறடால் முள்ளைக் கழற்றுங்கள். முடியாவிட்டால் நரம்பை வெட்டிவிடுங்கள். உப்புவதை வேடிக்கை பார்க்க வெளியே தூக்குகிறார்களே, அதுதான் கொடுமை. விழுங்கிய நீரைச் சுலபமாகத் துப்பிவிடும். காற்று உள்ளே போனால் அடைத்துக்கொள்ளும், மல்லாந்து மிதந்தே செத்துப்போகும். அப்படி ஆகிவிட்டால், நீருக்குள் வாய் மேல்நோக்கி இருக்கும்படி மெதுவாகப் பிடித்திருங்கள். காற்று குமிழ்குமிழாக வெளியேறும்.

தொட்டாலே விஷம் என்பது வீண்பயம். கையைக் கழுவினால் போதும். விஷம் ஈரல், சினை, குடல், தோலில் இருக்கிறது. எவ்வளவு கொதித்தாலும் அழியாது. 1774 செப்டம்பரில் நியூ கலிடோனியாவில் கேப்டன் ஜேம்ஸ் குக் இப்படியொரு மீனின் ஈரலையும் சினையையும் ருசி பார்த்தார். வாயில் வைத்தது கொஞ்சம்தான். நள்ளிரவு தாண்டி விழித்தபோது கைகால் மரத்து, தண்ணீர்க் குவளையும் பறவை இறகும் கையில் ஒரே கனமாகத் தெரிந்தன. அவர் பிழைத்தார். குடலைத் தின்ற பன்றி காலையில் செத்துக் கிடந்தது.

இதற்கு மாற்று மருந்து இன்றுவரை இல்லை. முதலில் உதடும் நாக்கும் மரக்கும். பிறகு மூச்சு நிற்கும். அசையாமல் கிடப்பவருக்கு நினைவு தெளிவாகவே இருக்கலாம். ஆகவே உதடு மரத்ததுமே, கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். சாப்பிட்டது பேத்தை என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.