'கார் நிக்கோபார்' ஏன் உடைகிறது? பைத்தானில் தமிழ் டேட்டா படிக்கும்போது வரும் சிக்கலும் தீர்வும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கார் நிக்கோபார் தீவில் வசித்தவர்கள் 17,841 பேர். ஊர்ப் பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைக்கிறீர்கள் என்று வையுங்கள். பெயரில் ஒரே ஒரு புள்ளி தொலைந்தாலும் போச்சு, அத்தனை பேரும் உங்கள் வரைபடத்தில் இருக்க மாட்டார்கள்.

புள்ளி எப்படித் தொலையும்?

'கார் நிக்கோபார்' நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடுக்கு அப்படியில்லை. 'ர்' என்பது ர, புள்ளி என இரண்டு குறிகள். இப்படி எண்ணினால் 14 குறிகள், ஓர் இடைவெளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், இடைவெளிக்கு 1. மொத்தம் 43 பைட்.

எங்கே உடைகிறது?

இணையத்திலிருந்து இறக்கிய டேட்டா, மெமரியில் 'பைட்ஸ்ஐஓ' ஸ்ட்ரீமாக இருக்கிறது. அதைப் பத்துப் பத்து பைட்டாகப் படித்து, உடனுக்குடன் டீகோட் செய்தால்? முதல் 9 பைட்டில் க, கால், ர முடிந்துவிடும். பத்தாவது, புள்ளியின் முதல் பைட். மீதி இரண்டும் அடுத்த துண்டில். பைத்தான் 'யூனிகோட்டீகோட்எரர்' என்று நின்றுவிடும்.

8,192 பைட்டாகப் படித்தாலும் இதே கதைதான். அது மூன்றால் வகுபடாத எண்.

'இக்னோர்' போட்டால் சரியாகுமா?

எரர் போகும், எழுத்தும் சேர்ந்து போகும். மேலே சொன்ன உதாரணத்தில் 3 குறிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். எரர் வந்தாலாவது தவறு தெரியும். இதில் அதுவும் தெரியாது.

என்ன செய்யலாம்?

* ஸ்ட்ரீமை 'டெக்ஸ்ட்ஐஓராப்பர்' கொண்டு சுற்றி, என்கோடிங் 'யூடிஎஃப்-8' என்று நீங்களே குறிப்பிடுங்கள். பாதியில் நிற்கும் பைட்டை அது பத்திரமாக வைத்து, அடுத்த துண்டோடு சேர்த்துவிடும்.

* மேற்கோடு போட்ட 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' எனத் திரை நிரம்பினால், யூடிஎஃப்-8 டேட்டாவை விண்டோஸ்-1252 என்று படித்திருக்கிறீர்கள். 'க'வின் பைட்கள் 224, 174, 149. முதலிரண்டுக்கும் அந்த முறையில் அந்த உருவங்கள்தான்.

* கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால், டீகோட் ஆகாத பைட் மாற்றப்பட்டுவிட்டது. அந்த வெளியீட்டைத் திருத்த முடியாது. மூல டேட்டாவை மறுபடி படியுங்கள்.

* 'கோ'வின் துணைக்குறியை ஒன்றாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பார்க்க ஒன்றுதான்; ஆனால் 43 பைட் 46 ஆகும், ஒப்பீடு தோற்கும். இணைக்கும் முன் இரு அட்டவணைகளையும் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும், அது எந்த ஊர் என்று தேடிவிட்டுப் பிறகு வெளியிடுங்கள்.