எஞ்சிய சுருள்கள்

1931-ஆம் வருஷம் வெளிவந்த 'ஆலம் ஆரா' நம் தேசத்தின் முதல் பேசும்படம் என்று பள்ளிப்பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஆனால் அதைப் பார்த்தே தீருவதென்று ஒருவர் புறப்பட்டால், சில நிழற்படங்களையும் விளம்பரங்களையும் தவிர அவருக்கு ஒன்றும் அகப்படாது. அதே வருஷத்துத் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' அடைந்த கதியும் அதுவே. ஓடி முடிந்த படத்தின் சுருளைக் கழுவி, அதிலுள்ள வெள்ளியைப் பிரித்து விற்றுவிடுவதே லாபம் என்றிருந்த காலம் அது. போதாக்குறைக்கு, அன்றைய நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காதது.

இந்த நஷ்டத்துக்கு ஓரளவு பரிகாரமாக, 1964-இல் மத்திய சர்க்கார் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை நிறுவிற்று. அச்சாகும் நூல்களைத் தேசிய நூலகத்துக்கு அனுப்பக் கட்டளையிடும் சட்டம் உண்டு. படங்களுக்கு அத்தகைய சட்டம் இல்லாமையால், கேட்டும் கெஞ்சியும் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தக் காரியத்தைத் தவம்போல் செய்தவர் மறுவருஷம் பணியேற்ற பி. கே. நாயர். மௌனப்பட முன்னோடி பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் எஞ்சிய பகுதியும் 'காளிய மர்த்தன'மும் இன்று காணக்கிடைப்பது அவர் முயற்சியால்தான். நல்ல படம், மட்டமான படம் என்று தரம் பிரிப்பது காப்பகத்தின் வேலையன்று, எல்லாமே காக்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. ரசிகர்கள் முகம் சுளித்தாலும், சரித்திரக்காரன் அவர் பக்கமே நிற்பான்.

விநோதமாகத் தப்பியவையும் உண்டு. 1933-இல் திருவிதாங்கூரில் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மௌனப்படம், மூலநாவலைப் பதிப்பித்தவர் தொடுத்த வழக்கினால் கொட்டகையை விட்டு இறங்கிற்று. பிரதியும் பதிப்பாளர் வசம் போய், பல்லாண்டுகளுக்குப்பின் காப்பகத்தை அடைந்தது. தயாரிப்பாளரைக் கெடுத்த வழக்கே படத்தைப் பிழைப்பித்தது!

சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. நைட்ரேட்டுக்குப் பின்வந்த அசிட்டேட் சுருள் உஷ்ணத்திலும் ஈரத்திலும் தானே சிதையத் தொடங்கும்; டப்பாவைத் திறந்தவுடன் காடி நெடி மூக்கைத் துளைத்தால் நோய் முற்றிவிட்டதென்று அர்த்தம். பிலிம் சுருங்கி நெளியும். ஓரத்துத் துளைகள் இயந்திரப் பற்களில் பொருந்தாமற்போகும். ஆகவே குளிரூட்டி, ஈரம் போக்கிய அறைகளில் அவற்றை வைத்து, காலந்தோறும் மேஜைமேல் சுற்றிப்பார்த்து, கிழிசலை ஒட்டி, தூசி துடைக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் 2003-இல் புனேயில் மூண்ட தீயில் நைட்ரேட் சுருள்கள் பல சாம்பலாயின.

2022-இல் இக்காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. டிஜிட்டல் பிரதி எடுத்தபின் சுருளை ஏன் கட்டிக் காக்க வேண்டும் என்று சிக்கனம் பேசுவோர் இருக்கிறார்கள். கணினிக் கோப்பையோ, சில வருஷங்களுக்கொருமுறை புதிய சாதனத்துக்கு மாற்றாவிட்டால் திறக்கவே இயலாது. குளிரில் செவ்வனே வைத்த சுருளிலிருந்து, நூறு வருஷம் கழித்தும் இன்னும் தெளிவான பிரதி எடுத்துக்கொள்ளலாம்.